முற்றத்தில் ஒரு துலா: ஒரு பொதுச் சிற்பத்தை நிமிர்த்தப் பட்ட பாடு

துலா நிமிர்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அந்த நீண்ட மரத்தின் வடிவில் செய்த சிற்பம் இது. யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதியில் இருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக நாங்கள் கட்டிய புதிய வளவின் முற்றத்தில், பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிணற்றைச் சுற்றி இருக்கை, அதன் மேலே சாய்ந்த உருக்குத் துலா. பின்னேரத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நின்று கதைக்கிறார்கள். சந்தோசம்தான். ஆனால் இதை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் வரை கோப்போடு அலைந்தவள் நான். அந்தக் களைப்பு இன்னும் போகவில்லை. நாவற்குழிப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் இதே மாதிரியான வேலை தொடங்கப் போகிறவர்கள் சிலர் என்னிடம் விசாரித்ததால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதல் அடி கணக்குத் தாளிலேயே விழுந்தது. செலவு மதிப்பீட்டில் சிற்பத்துக்கென்று தனி வரி இல்லை. "வெளிப்புற அழகுபடுத்தல்" என்ற தலைப்பின் கீழ் புல், பூச்சாடி, வாங்கு ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். சீமெந்தும் கம்பியும் விலை ஏறியவுடன் எதை வெட்டலாம் என்று தேடும் கண் நேராக அந்தத் தலைப்பில்தான் போய் நிற்கும். நின்றது. முதலீட்டாளர் கூட்டத்தில் "அது பிறகு பார்க்கலாம்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்களும் தலையாட்டினார்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அது ஒருநாளும் நடக்காது.

அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது பிற நாட்டு உதாரணங்கள். பிரான்சில் 1951இல் இருந்து அரச கல்விக் கட்டடங்களின் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதி இருக்கிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1959இல் இருந்து, மறுஅபிவிருத்தி நிலத்தில் கட்டுபவர்கள் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்குச் செலவழிக்க வேண்டும். அங்கே இது கட்டுபவரின் தயவு இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கும் கடமை. எங்களில் மூத்த முதலீட்டாளர் ஒருவர் பிரான்சில் நெடுநாள் இருந்தவர். "ஓம், பிள்ளையளின்ர பள்ளிக்கூட வாசல்ல நான் பார்த்தனான்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு தனி வரி கிடைத்தது. ஒரு சதவீதம் முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் வெட்ட முடியாத வரி. மதிப்பீடு அச்சாகும் முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.

சிற்பியைத் தெரிவு செய்தது பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஒரே ஒரு விசயத்தில் மட்டும் சண்டை போட்டேன். தெரிவான சிலரிடம் மாதிரி வடிவம் செய்து தரும்படி கேட்டால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். "யோசனைக்கு ஏன் காசு?" என்று கேட்டவர்களுக்கு, கட்டடக் கலைஞரின் முதல் வரைபடத்துக்கு நாங்கள் கொடுத்த காசின் பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். பணம் கொடுத்ததால்தான் தொழிலை மதிக்கிறவர்கள் வந்தார்கள். பல மாதிரிகளில் பனைமரம் இருந்தது. பனையில் எனக்குக் குறை இல்லை, ஆனால் விடுதி வாசலில் இருந்து இனிப்புப் பெட்டி வரை அது வந்துவிட்டது. துலாவைக் கொண்டுவந்தவர் இந்த வளவின் பழைய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வரைந்தவர். அந்தக் கிணற்றை மூடிவிடலாம் என்ற பேச்சும் அப்போது இருந்தது. சிற்பம் வந்ததால் கிணறும் தப்பியது.

மாதிரியை ஒழுங்கையில் உள்ளவர்களுக்குக் காட்டிய நாளை நான் மறக்க மாட்டேன். இளம் வயதில் துலா மிதித்த ஐயா ஒருவர் வந்திருந்தார். மாதிரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளை, ஆடுகால் இவ்வளவு நெட்டையாய் இராது. இப்பிடி இருந்தால் மிதிக்கிறவன் எங்க ஏறுறது?" என்று கேட்டு, கையால் அளந்து காட்டினார். ஆடுகால் என்றால் துலாவைத் தாங்கி நிற்கும் கால். ஒருவர் மேலே நடந்து துலாவைத் தாழ்த்த, கீழே நிற்பவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, அப்படித்தான் புகையிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் போனது. சிற்பி அங்கேயே குந்தியிருந்து அளவுகளை மாற்றினார். இப்போது நிற்கும் துலாவின் சாய்வு அந்த ஐயாவின் கையளவில் வந்தது. கலை படித்தவர்கள் மட்டும் இருக்கும் தெரிவுக் குழுவில் இது நடந்திருக்காது.

இனி அனுமதிக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்துக்கு அனுமதி ஏற்கெனவே இருந்தது. சிற்பத்துக்கு என்ன செய்வது என்று கேட்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த கிளாக்கர் படத்தைப் பார்த்துவிட்டு விளம்பரப் பலகைக்கான படிவத்தை எடுத்துத் தந்தார். இது விளம்பரம் இல்லை என்றேன். "மிஸ், ரோட்டில இருந்து தெரியுதுதானே? அப்ப இதுதான்." விளம்பரப் பலகை என்றால் சதுர அடிக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் கட்டணம். துலாவுக்கு எந்தப் பக்கத்தை அகலம் என்று எடுப்பது என்பதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. பக்கத்து மேசைக்கு அனுப்பினார். அந்த மேசைக்காரர், "சிலை எண்டால் ஆற்ற சிலை? கடவுளோ, தலைவரோ, நினைவுத்தூபியோ?" என்று கேட்டார். மூன்றும் இல்லை என்றதும் கோப்பை மூடித் திருப்பித் தந்தார்.

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் ஒரு கல்லை நட்டாலே அது எதை நினைவுபடுத்துகிறது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனையோ வருட வலி இருக்கிறது. ஆனால் அதற்காக, படத்தைக் கூட ஒழுங்காகப் பாராமல் ஒரு கோப்பை மேசைக்கு மேசை எறிவதை ஏற்க முடியாது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். போனால் கையெழுத்து வைக்க வேண்டியவர் களவேலைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த முறை, நில அளவை வரைபடத்தில் கிணறு குறிக்கப்படவில்லை என்றார்கள். உண்மைதான், பழைய வரைபடத்தில் கிணறு விடுபட்டிருந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நில அளவையாளரை அந்தக் கிழமையே கூப்பிட்டிருப்பேன்.

விசயத்தை முடித்து வைத்தவர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த ஒரு பொறியியலாளர். முழுக் கோப்பையும் விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உங்கட சொந்தக் காணிக்குள்ள நிக்கிற ஒரு கட்டமைப்பு. ஏற்கெனவே உள்ள அனுமதிக்குத் திருத்திய வரைபடமாய்ப் போடுங்கோ." அவ்வளவுதான். புதிய படிவமும் இல்லை, விளம்பரக் கட்டணமும் இல்லை. ஆகவே உங்களுக்கு என் புத்திமதி: சிற்பத்துக்கென்று தனி விண்ணப்பம் தேடி அலையாதீர்கள். இயலுமானால் முதல் கட்டட வரைபடத்திலேயே அதைப் போட்டு விடுங்கள். பிந்திவிட்டால் திருத்திய வரைபடம் என்று கேளுங்கள். கொண்டு போக வேண்டியவை: காணி உறுதியின் பிரதி, கிணறு, மதில், மின்கம்பம் எல்லாம் குறித்த புதிய நில அளவை வரைபடம், பழைய அனுமதி, பட்டயப் பொறியியலாளரின் உறுதிக் கடிதம், நாலு பக்கத் தோற்றமும் காட்டும் படம். இடத்தின் புகைப்படத்தில் சிற்பத்தைப் பொருத்திய படம் ஒன்றையும் பெரிதாக அச்செடுத்துக் கொண்டு போங்கள். எங்களுக்குக் கதவைத் திறந்தது அந்தப் படம்தான்.

இன்னொன்று. சொந்தக் காணியை விட்டு ஒரு அடி வெளியே வைத்தாலும் கதை வேறு. ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ வகுப்பு என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மற்ற ஒழுங்கைகள் பெரும்பாலும் உள்ளூராட்சிச் சபையினுடையவை. எங்கள் முதல் திட்டத்தில் துலாவின் நுனி ஒழுங்கைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. மின்கம்பியும் அந்தப் பக்கம்தான்.

அதற்கும் மேலே, கோயில். வேட்டைத் திருவிழாவுக்குச் சுவாமி அந்த ஒழுங்கையால்தான் வருவார். பரிபாலன சபையில் இருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "வாகனத்துக்கு மேல குடை. குடைக்கு மேல உங்கட துலா. சரி வருமோ, பிள்ளை?" என்று கேட்டார்கள். சரி வராது. சிற்பியோடு இருந்து துலாவை அப்படியே மறுபக்கம் திருப்பி, நுனியை முற்றத்துக்குள் விட்டோம். ஒழுங்கைச் சிக்கலும் மின்கம்பிச் சிக்கலும் ஒரே நேரத்தில் தீர்ந்தன. நிழலும் இருக்கைக்கு மேலே வந்து விழுகிறது. அடுத்த திருவிழாவுக்கு முற்றத்தில் தண்ணீர்ப் பந்தல் போட அவர்களே கேட்டிருக்கிறார்கள். கோயிலை எல்லா அலுவலகங்களுக்கும் முன்னதாகப் போய்ப் பாருங்கள்.

அத்திவாரத்தில்தான் பணம் கரைந்தது. சிற்பம் முடிவாகும் முன்னரே கொந்தராத்துக்காரர் முற்றத்துக்குக் கொங்கிறீற் போட்டு, மேலே கல்லும் பதித்துவிட்டார். அதை உடைக்க மேலதிகக் கணக்கு எழுதினார். உடைத்துத் தோண்டினால் கொஞ்ச மண், அதற்குக் கீழே சுண்ணக்கல், அதிலும் இடையிடையே பொந்து. பழைய கிணற்றின் கட்டு வேறு பக்கத்தில். எங்கள் பொறியியலாளர் அத்திவாரத்தைக் கிணற்றில் இருந்து தள்ளி, ஆழம் குறைத்து அகலம் கூட்டி மாற்றி வரைந்தார். விளக்குக்கான வயர் குழாயும் மழைநீர் ஓட வழியும் இல்லாததால் இன்னும் கொஞ்சம் உடைத்தோம். காற்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். 2008 நவம்பரில் நிசா புயலின்போது வெள்ளம் நின்ற ஊர் இது, 2020 டிசெம்பரில் புரெவியையும் பார்த்தது. நீட்டி நிற்கும் எந்த வடிவத்துக்கும் பொறியியலாளரின் கணக்கு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உருக்கு விசயம் இன்னும் எரிச்சல். ஒப்பந்தத்தில் 316 தரத் துருப்பிடிக்கா உருக்கு என்று தெளிவாக இருந்தது. கடற்காற்று உள்ள இடத்துக்கு அதுதான் வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் வரை மொலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைத் தாங்கும். 304இல் அது இல்லை, கொஞ்சக் காலத்தில் தேத்தண்ணிக் கறை மாதிரிப் பழுப்பு படரும். ஒட்டு வேலைத்தளத்துக்கு வந்து இறங்கிய குழாயில் எந்த முத்திரையும் இல்லை. வேலைத்தளக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்கோ, ஒட்டேல்ல, நல்ல சாமான்" என்றார். காந்தம் 304இலும் ஒட்டாது, மலிவான 202இலும் ஒட்டாது. ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேட்டோம், இல்லை. மொலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்து ஒன்று விற்கிறார்கள். கொழும்பில் இருந்து எடுப்பித்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம். நிறம் மாறவில்லை, அதாவது மொலிப்டினம் இல்லை. முழுச் சுமையும் திரும்பிப் போனது. நான் அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த மாரிக்கே அழுக்குக் கோடுகளைப் பார்த்துக் கவலைப்பட வேண்டி வந்திருக்கும். சான்றிதழில் உள்ள இலக்கமும் குழாயில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணத்தை விடுங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தரப்பு எழுதிக் கொண்டுவந்த முதல் பிரதியில் "சகல உரிமைகளும் உரிமையாளருக்கே" என்று ஒரு வரி இருந்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொருளாதார உரிமையைக் கைமாற்றினாலும் படைத்தவரின் ஒழுக்க உரிமை அவரோடேயே இருக்கும். தன் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கலாம், தன் மதிப்பைக் கெடுக்கும் விதத்தில் படைப்பைச் சிதைப்பதையும் மாற்றுவதையும் எதிர்க்கலாம். பாதுகாப்புக் காலம் படைத்தவரின் ஆயுளும் அதற்கப்பால் 70 வருடமும். நான் உரிமையாளர் பக்கத்தில் இருந்தவள், ஆனாலும் அந்த வரியை எடுக்க வைத்தேன். பதிலுக்கு, கட்டடம் திருத்தும்போது சிற்பத்தை நகர்த்த வேண்டி வந்தால் முதலில் சிற்பிக்கு எழுத்தில் அறிவிப்பது, நகர்த்தும் முறையை அவரோடு பேசித் தீர்மானிப்பது என்று எழுதிக்கொண்டோம். இரு பக்கமும் நிம்மதி.

வரியையும் விடாதீர்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதம். வேலைத்தளம் வரிக்குப் பதிவு செய்தது, சிற்பி பதிவு செய்யவில்லை. விலைக்குறிப்பில் வரி சேர்ந்ததா இல்லையா என்று எழுதாமல் விட்டால் அந்தச் சுமை கடைசியில் சிற்பியின் கூலியில் போய் விழும். எங்கள் விசயத்தில் விழப் பார்த்தது. ரசீதுகளைப் பிரித்து, வேலைத்தளத்துக்கு நாங்களே நேராகக் கட்டினோம்.

பாரந்தூக்கி வந்து நிறுத்தியது ஒரு காலைப்பொழுதில் முடிந்தது.

இப்போது பராமரிப்புக்கு ஒரு கணக்குத் திறந்திருக்கிறோம். கடைகளும் வீடுகளும் மாதாமாதம் கட்டும் பொதுச் செலவில் இருந்து ஒரு பங்கு அதற்குப் போகும். கழுவுகிறவருக்குச் சிற்பி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தந்ததைக் காவலாளியின் அறையில் ஒட்டியிருக்கிறோம்: நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக நிற்கும், கம்பித் தும்பால் தேய்க்கக்கூடாது, குளோரின் கலந்த கழுவும் திரவம் கிட்டவும் வரக்கூடாது. அடுத்தது ஒழுங்கைப் பக்க மதிலில் ஓவியம். அந்த மதிலின் அடியில் உவர் பூக்கிறது. முதலில் பூச்சைச் சுரண்டி, ஈரம் ஏறுவதை நிறுத்தி, புதுப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறம் என்று சிற்பியே சொல்லிவிட்டார். ஒக்ரோபர் மழைக்கு முன் அவசரப்பட்டு அடித்து முடிக்கும்படி கேட்கிறவர்களுக்கு, தை பிறந்து மழை விட்ட பிறகுதான் தொடங்குவோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.