152ஆவது விதியை முழுசா படிங்க

"மலாய்தானே தேசிய மொழி, அப்புறம் எதுக்குத் தமிழ்ப்பள்ளி?" செந்தூலில் படிக்கும் நம் பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்டால், அவன் தலைகுனியத் தேவையே இல்லை. மலேசியாவின் கூட்டரசு அரசியலமைப்பே அவன் பக்கம் பேசுகிறது.

152ஆவது விதி மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்கடுத்த வரிகளைப் படியுங்கள்: வேறு எந்த மொழியையும் கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது. கட்டுப்பாடெல்லாம் அதிகாரப்பூர்வப் பயன்பாட்டுக்குத்தான்.

தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று சில அமைப்புகள் வழக்கே போட்டன. 2021இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதியே தரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

நாளைக்கே நாடாளுமன்றம் இந்த விதியை மாற்றிவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். அவ்வளவு சுலபமில்லை. 159ஆவது விதிப்படி, திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 222 பேர் கொண்ட மக்களவையில் அது 148. 152ஆவது விதியைத் தொட வேண்டுமென்றால் மாநில சுல்தான்கள் அடங்கிய ஆட்சியாளர்கள் மன்றத்தின் சம்மதமும் வேண்டும்.

பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் நாட்டின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்கிறார்கள். அதன் மூன்றாவது கோட்பாடே அரசியலமைப்பின் மேன்மைதான். ஆசிரியர்களே, அதோடு இந்த விதியையும் ஒருநாள் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்.