பதினைந்து சீட்டுகள், மூன்று வெற்றியாளர்கள்

அரசியல் செய்திகளை நாள்தோறும் படித்தும் எதுவும் பிடிபடாமல் பல ஆண்டுகள் இருந்தேன். இடதுசாரி, தாராளவாதம், அதிபர் ஆட்சி, விகிதாசாரம் எல்லாம் எனக்கு ஒரே குவியல். ஒருநாள் உட்கார்ந்து இதைப் பிரித்தே தீருவது என்று தொடங்கினேன்.

சித்தாந்தங்களுக்கு இலக்கணம் எழுதி மனப்பாடம் செய்தது முதல் தவறு. ஒரே வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்புறமும், கூடாது என்றவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள் என்று படித்தபோதுதான் வழி தெரிந்தது. வலது, இடது என்ற சொற்கள் ஒரு சண்டையில் பிறந்தவை. அதன்பின் எந்தச் சித்தாந்தத்தை எடுத்தாலும், இது யாரோடு, எதற்காகச் சண்டைக்குப் போனது என்றுதான் முதலில் பார்த்தேன். தாராளவாதம் அரசனின் வரம்பற்ற அதிகாரத்தோடு மோதியது. சோஷலிசம் ஆலை முதலாளியின் அதிகாரத்தோடு. பழமைவாதம் எல்லாவற்றையும் ஒரே இரவில் புரட்டிப்போடும் அவசரத்தோடு. இலக்கணம் மறந்தது, சண்டைகள் மறக்கவில்லை.

ஆட்சிமுறை அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. பிரிட்டனில் அரசர் இருக்கிறார், ஆனால் ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வட கொரியாவின் பெயரிலேயே ஜனநாயகமும் குடியரசும் இருக்கின்றன. ஆகவே பட்டத்தையும் பெயரையும் விட்டுவிட்டு, ஆள்பவரை யாரால் இறக்க முடியும் என்பதை மட்டும் கவனித்தேன். 1979 மார்ச் 28 அன்று பிரதமர் ஜேம்ஸ் காலகனின் அரசு பிரிட்டன் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது 311க்கு 310 என ஒரே வாக்கில் தோற்றது. உடனே தேர்தல் வந்தது. அமெரிக்காவைப் போன்ற அதிபர் முறையில் சபையே எதிர்த்து நின்றாலும், குற்றம் சாட்டிப் பதவிநீக்கம் செய்தாலொழிய, அதிபர் தன் பதவிக்காலத்தை முடிப்பார்.

உண்மையில் நான் திணறியது வாக்கு எண்ணும் முறைகளில்தான். படித்துப் புரியாததால் பதினைந்து காகிதச் சீட்டுகளை வெட்டினேன். ஊதா, பச்சை, மஞ்சள் என மூன்று வேட்பாளர்கள். ஆறு சீட்டுகளில் ஊதா, மஞ்சள், பச்சை என்ற வரிசை. ஐந்தில் பச்சை, மஞ்சள், ஊதா. மீதி நான்கில் மஞ்சள், பச்சை, ஊதா.

முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினேன்: ஊதா ஆறு. வெற்றி ஊதாவுக்கு. அடுத்து, கடைசியில் நின்ற மஞ்சளை நீக்கி, அதன் நான்கு சீட்டுகளையும் இரண்டாம் விருப்பமான பச்சையின் மேல் வைத்தேன். பச்சை ஒன்பது, வெற்றி பச்சைக்கு. பிறகு இருவர் இருவராக மோதவிட்டேன். மஞ்சள் ஊதாவை 9க்கு 6 என்றும், பச்சையை 10க்கு 5 என்றும் வென்றது! ஒரு சீட்டைக்கூட மாற்றவில்லை. மேசைமேல் மூன்று வெற்றியாளர்கள். அந்த நிமிடம் என் கை நின்றுவிட்டது. மக்கள் தீர்ப்பு என்று நான் நம்பியிருந்ததில் எண்ணும் விதிக்கும் பாதிப் பங்கு இருக்கிறது.

மஞ்சள் வென்ற அந்த விதியைப் பிரெஞ்சு கணிதவியலாளர் கொண்டோர்சே 1785லேயே எழுதிவைத்திருக்கிறார். பச்சை வென்ற இரண்டாவது விதி நடைமுறையில் இருப்பது: 1990 அயர்லாந்து அதிபர் தேர்தலின் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த மேரி ராபின்சன், மூன்றாமவரின் வாக்குகள் பகிரப்பட்டதும் வென்றார்.

நாடு முழுதும் தொகுதிகளாகப் பிரியும்போது சிக்கல் கூடுகிறது. நியூசிலாந்தில் 1978, 1981 இரு தேர்தல்களிலும் கூடுதல் வாக்குப் பெற்றது தொழிற்கட்சி. கூடுதல் இடம் பெற்று ஆண்டது தேசியக் கட்சி. மனக்குறை வளர்ந்து, 1993 பொது வாக்கெடுப்பில் மக்கள் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் அங்கே தொகுதி வாக்கு ஒன்று, கட்சி வாக்கு ஒன்று. கட்சி வாக்கின் விகிதமே மொத்த இடங்களைத் தீர்மானிக்கிறது.

எனக்கு, வாக்காளர் தன் விருப்பங்களை வரிசைப்படுத்தும் முறைதான் பிடித்திருக்கிறது. பிடித்தவர் தோற்றுவிடுவார் என்று பயந்து பிடிக்காதவருக்குப் போட வேண்டிய நெருக்கடி அதில் குறைகிறது. என்றாலும் மூவரோ அதற்கு மேலோ போட்டியிட்டால், எந்த வரிசை முறையும் நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்றாது என்று அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1951இல் நிறுவிவிட்டார்.

பதினைந்து சீட்டுகளையும் ஓர் உறையில் வைத்திருக்கிறேன். தேர்தல் முடிவைக் காட்டி "மக்கள் சொல்லிவிட்டார்கள்" என்று தம்பி சொன்ன அன்று, உறையை அவனிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். மூன்றாவது முறை எண்ணி முடித்தவன், சீட்டுகளைத் திரும்ப அடுக்கி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.