எட்டாவது ஆள் வந்தால்தான் சிடி பூசித்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன். துனிசியாவின் தலைநகரம் துனிஸில் நான் தங்கியிருந்த இடத்திலிருந்து, தெற்கே சிடி பூசித் ஊர்ப்பக்கம் போகும் வேன்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தால் இருபது நிமிடம். விடியற்காலைக் குளிர், முதுகில் பை, சோம்பேறித்தனம். மஞ்சள் டாக்ஸியில் ஏறினேன். மீட்டர் "ரிப்பேர்" என்று கையை விரித்தார். இறங்கும்போது 15 தினார் கேட்டார். தினாருக்கு 30 ரூபாய் என்பது என் மனக்கணக்கு, 450 ரூபாய்! கத்திப் பார்த்து 10-க்கு முடித்தேன். மூன்று நான்கு தினார்கூட ஆகியிருக்காது என்று பிறகு வேனில் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த வேனுக்கு லுவாஜ் என்று பெயர். வெள்ளை வண்டி, பக்கத்தில் சிவப்புப் பட்டை இருந்தால் நெடுந்தூரம். நேர அட்டவணை கிடையாது. எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்பும், அவ்வளவுதான். கவுண்டரில் டிக்கெட், 20 தினார் சொச்சம், பேரம் இல்லை. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், காத்திருக்கிற நேரத்தைத் தவிர. ஆறு மணிக்கு நான் ஐந்தாவது ஆள். எட்டாவது ஆள் வந்தபோது மணி எட்டு.

அந்த இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறைந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். எதிரே லப்லபி கடை. வெறும் கிண்ணத்தையும் காய்ந்த ரொட்டியையும் கையில் கொடுத்து, "நீயே பிய்த்துப் போடு" என்று சைகை காட்டுகிறார்கள். பிய்த்துக் கொடுத்தால் அதன்மேல் கொதிக்கிற கொண்டைக்கடலைக் குழம்பு, சீரகத்தூள், ஹரிஸா என்கிற மிளகாய் விழுது, அரைவேக்காட்டு முட்டை, கை தாராளமாக ஆலிவ் எண்ணெய். எல்லாவற்றையும் குழப்பிச் சாப்பிட வேண்டும். மூக்கில் தண்ணீர் வந்தது. இங்கே பகெத் என்கிற நீள ரொட்டியை அரசு மானியத்தில் 190 மில்லிமுக்கு விற்கிறார்கள் (ஆயிரம் மில்லிம் ஒரு தினார்). நம் கணக்கில் ஆறு ரூபாய்கூட இல்லை. அந்த விலையில் யாரும் எளிதில் கைவைக்க முடியாது. 1984 ஜனவரியில் ரொட்டி விலையை ஏற்றிய அப்போதைய ஜனாதிபதி பூர்கிபாவின் அரசு, கலவரத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

வேனில் என் பக்கத்தில் துனிஸில் படிக்கிற ஒரு தம்பி, சொந்த ஊர் சிடி பூசித். ஆங்கிலம் பேசினான். "அரபு வசந்தம் தொடங்கிய ஊரைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்றேன், 2010-11-இல் அரபு நாடுகளில் பரவிய மக்கள் எழுச்சியை நினைத்து. முகம் சுளித்தான். வசந்தம், மல்லிகைப் புரட்சி எல்லாம் வெளியே இருப்பவர்கள் வைத்த பெயராம். அவர்களுக்கு அது கராமா புரட்சி. கராமா என்றால் மானம், கண்ணியம். அப்புறம் தேதிச் சண்டை. தலைநகரத்துக்காரர்களுக்குப் புரட்சி நாள் 2011 ஜனவரி 14. அன்றுதான் 23 வருடம் ஆண்ட பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார். நாட்டின் உட்பகுதி ஊர்க்காரர்களுக்கோ 2010 டிசம்பர் 17. முகம்மது பூஅஜீஸி என்ற 26 வயதுக் காய்கறி, பழ வியாபாரி, அதிகாரிகள் தராசைப் பறித்துக்கொண்டார்கள், முறையிடப் போனால் கேட்க ஆளில்லை என்று, ஆளுநர் அலுவலகத்தின் முன் தன்னைக் கொளுத்திக்கொண்ட நாள்.

2021-இல் ஜனாதிபதி கைஸ் சயீத் அதிகாரப்பூர்வ நாளை டிசம்பர் 17-க்கு மாற்றினார். அதே வருடம் ஜூலையில் பாராளுமன்றத்தை முடக்கியவரும் அவரேதான். ஊருக்குத் தேதி கிடைத்தது. முன் சீட்டு அம்மாள் ஏதோ வெடுக்கென்று சொல்ல, வேனே சிரித்தது. தம்பி மொழிபெயர்த்தான்: "தேதியை மாத்தினா தக்காளி விலை குறையுமா?"

ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். வழியெல்லாம் ஆலிவ் அறுவடை. மரத்தடியில் விரிப்பை விரித்துக் காயை உதிர்க்கிறார்கள். சாலையோரம் கேன்களில் கடத்தல் பெட்ரோல்.

சிடி பூசித்தில் "பார்க்க" என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு பெரிய வீதி, தபால் நிலையச் சுவரில் பூஅஜீஸியின் பெரிய படம், எதிரே கல்லில் செதுக்கிய தள்ளுவண்டி. பக்கத்துக் காபிக் கடையில் வேலை நாள் மதியத்தில் இத்தனை இளைஞர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு நினைவுச்சின்னத்தைவிட உறைத்தது.

அந்தக் கல்வண்டி முன்னால் கால் மணி நேரம் நின்றேன். பூஅஜீஸி பட்டதாரி என்று நானும் அப்போது படித்து நம்பியிருந்தேன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். நகராட்சிப் பெண் ஆய்வாளர் அவரை அறைந்தார் என்ற வழக்கும் 2011 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஆனால் கதை அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. 2008-இல் இதே நாட்டின் கஃப்சா சுரங்கப் பகுதியில் மாதக்கணக்கில் போராடினார்கள், வெளியே பெரிதாகத் தெரியவில்லை. இந்தமுறை செல்போனில் எடுத்த காட்சியை அல் ஜஸீரா டிவி ஒளிபரப்பியது. ஜனவரி 25-இல் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கூட்டம் கூடியது. 18 நாளில் எகிப்து ஜனாதிபதி முபாரக் போனார். பிறகு லிபியா, யேமன், பஹ்ரைன், சிரியா என்று பரவியது. மே மாதம் மாட்ரிட் சதுக்கத்தில் கூடாரம் போட்டார்கள். நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிக்கக் கூப்பிட்டவர்கள் தஹ்ரீரைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்கள். சீனா இணையத்தில் "மல்லிகை" என்று தேடுவதையே தடுத்தது. 2019-இல் சூடானிலும் அல்ஜீரியாவிலும் மறுபடி தெருவில் இறங்கினார்கள்.

இத்தனை தூரம் போன சங்கதிக்கு, பிறந்த ஊரில் ஒரு தங்கும் அறைக்கு என்னால் ஒழுங்கான விலை விசாரிக்க முடியவில்லை. துனிசியாவின் நான்கு அமைப்புகளுக்கு 2015-இல் அமைதி நோபல் கிடைத்ததைச் சொல்லிப் பார்த்தேன். காபிக் கடைக்காரர் தோளைக் குலுக்கினார். "குடும்பமே கனடா போயிடுச்சு" என்றார், பூஅஜீஸி வீட்டைப் பற்றி. அதில் கோபமா பொறாமையா, எனக்குப் பிடிபடவில்லை. காபிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். காலை டாக்ஸிக்காரர் ஞாபகம் வந்தது.

நான்கு மணிக்கு லுவாஜ் நிலையம். ஐந்து பேர்தான் சேர்ந்தோம். இருட்டும்வரை காத்திருந்தும் யாரும் வரவில்லை. கடைசியில் மூன்று காலி சீட்டின் பணத்தை ஐவரும் பகிர்ந்தோம். என் பங்கு 12 தினாருக்கு மேல். துனிஸ் வந்து சேர்ந்தபோது லப்லபி கடை மூடியிருந்தது. இந்தமுறை நடந்தே அறைக்குப் போனேன்.