ஐந்தாவது கேள்வி

உயர்தர வகுப்பில் எங்களுக்கு அரசியல் படிப்பித்த மாஸ்டர் பாடப்புத்தகத்தைத் திறந்து நான் கண்டதில்லை. சோக்குக்கட்டியைக் கையில் எடுத்தால் கதைதான். 1974இல் ஒரு நாள், பிரித்தானியப் பிரபுக்கள் சபை பற்றிய பாடம். "தகப்பன் செத்ததால் மகனின் எம்.பி. பதவி போனது. ஏன்?" என்று கேட்டார். எல்லோரும் முழித்தோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் மட்டும், "செத்தவீட்டுத் துடக்கு, சேர்" என்றான். மாஸ்டர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் பிடித்தது.

விடை, ரொனி பென். 1950இல், 25 வயதில், இங்கிலாந்தின் பிரிஸ்ரல் தென்கிழக்குத் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்றவர். 1960இல் தகப்பனார் ஸ்டான்ஸ்கேட் பிரபு காலமானதும் பட்டம் மகன் தலையில் வந்து இறங்கியது. பிரபுவானால் மக்கள் சபையில் இருக்க முடியாது. பட்டம் வேண்டாம் என்று சொல்லச் சட்டத்தில் வழியும் இல்லை. 1961 இடைத்தேர்தலில் மீண்டும் நின்று அமோகமாக வென்றார்; தேர்தல் நீதிமன்றமோ தோற்றவருக்கே ஆசனத்தைக் கொடுத்தது. விடாமல் போராடினார். பட்டம் துறக்க இடம் தரும் சட்டம் 1963 யூலை 31இல் வந்தது. அன்று மாலையே முதல் ஆளாகத் துறந்தார்.

"எங்கள் ஊரில் அப்பனுடைய தர்மகர்த்தாப் பதவி தனக்கே வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போவார்கள். இந்த மனிதன் வேண்டாம் என்று போயிருக்கிறான்" என்றார் மாஸ்டர்.

மிச்சக் கதையை லண்டனில், பெற்றோல் நிலையத்து இரவு வேலையில், ஜமேக்காவில் பிறந்த ஒரு பெரியவர் சொன்னார். அதே 1963இல் பிரிஸ்ரல் பஸ் கம்பனி கறுப்பரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்க மறுத்தது. பஸ் புறக்கணிப்புத் தொடங்கியதும், சைக்கிள் தேடிப்பிடித்தாவது போவேன், பஸ்ஸில் ஏறேன் என்றாராம் பென். நான்கு மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. பெரியவர் இதைச் சொன்னது, தன் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல.

பென்னைக் கோவிலில் வைத்துக் கும்பிட நான் தயாரில்லை. சோசலிசம் பேசியவர், பணக்காரர் பறந்த கொன்கோர்ட் விமானத்துக்காக ஏன் அவ்வளவு வாதாடினார் என்பது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. 1981இல் கட்சியின் துணைத் தலைவர் போட்டியில் டெனிஸ் ஹீலியிடம் ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அந்தப் போட்டி கட்சிக்குள் விட்ட காயம் ஆற வெகுகாலம் எடுத்தது. 1983இல் பிரிஸ்ரலில் தோல்வி, அடுத்த வருடமே செஸ்ரர்ஃபீல்ட்டில் வெற்றி. 2001இல், அரசியலுக்கு இன்னும் நேரம் ஒதுக்கவே பாராளுமன்றத்தை விடுகிறேன் என்று கிளம்பினார்.

2003 பெப்ரவரி 15, ஈராக் போருக்கு எதிரான ஊர்வலம். ஹைட் பார்க்கில் கை விறைக்க நின்ற எனக்கு மேடை தெரியவில்லை. ஒலிபெருக்கியில் அந்த 77 வயதுக் குரல் மட்டும் கேட்டது. மாஸ்டரின் சோக்குத் தூள் படிந்த சேட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் வைத்திருந்தார் பென்: உமக்கு என்ன அதிகாரம்? எங்கிருந்து கிடைத்தது? யாருடைய நலனுக்குப் பாவிக்கிறீர்? யாருக்குப் பதில் சொல்வீர்? உம்மை எப்படி அகற்றுவது?

2014 மார்ச்சில் அவர் காலமானபோது, நமது சங்கத்தின் இராப்போசன விருந்தில் இவற்றை நான் உருக்கமாகச் சொன்னேன். நல்ல கைதட்டல். அடுத்த பொதுக்கூட்டத்தில், கணக்கறிக்கையை வாசித்துவிட்டு நிமிர்கிறேன், பின்வரிசையில் ஒரு தம்பி எழுந்து நின்றான்.

"அங்கிள், பதினொரு வருடமாக நீங்கள்தான் பொருளாளர். அந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்கலாமா?"

கணக்குப் புத்தகமும் காசோலைப் புத்தகமும் இப்போது அவனிடம் இருக்கின்றன.