வானத்திலிருந்து கொட்டும் செலவு

காட்டுத்தீ என்றதும் டிவியில் காட்டுவது தீயைத் தடுக்கும் சிவப்புக் கரைசலைக் கொட்டும் விமானத்தைத்தான். பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் அது தீ பரவும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை மண்வெட்டியும் ரம்பமுமாகத் தரையில் நிற்கிற ஆட்கள்தான் முடிக்க வேண்டும். ஏரியை உரசிக்கொண்டே பறந்து 12 விநாடியில் சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை அள்ளும் கனடேர் சிஎல்-415 அபாரமான விமானம், சரி, ஆனால் காற்று பேயாய் அடிக்கிற நாளில், அதாவது அது ரொம்பவும் தேவைப்படுகிற நாளில், தரையிலேயே நிற்க வேண்டியும் வரலாம். அந்தச் சிவப்புக் கரைசலில் உள்ள அம்மோனியம் பாஸ்பேட் ஓடையில் கலந்தால் மீன் செத்துப்போகும், அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. புகையைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் கேமராக்களோடு எனக்குச் சண்டை இல்லை. அப்புறம், பின்னால் பெருந்தீக்கு இரையாகாதபடி ஈரமான பருவத்திலேயே சருகைத் திட்டமிட்டு எரிக்கிற பழைய முறை எவ்வளவோ மலிவு, ஆனால் அதற்குப் பக்கத்தில் நின்று எந்த அமைச்சர் போட்டோ எடுத்துக்கொள்வார்?