பிறந்த அன்னிக்கே ஒரு ஊசி

தங்கச்சிக்கு நேத்து காலையில பெண் குழந்தை. மத்தியானமே நர்ஸ் வந்து, என் கட்டைவிரல் தடிமன்ல இருந்த தொடையில ஊசி போட்டுட்டுப் போயிட்டாங்க. ஹெபடைடிஸ் பிங்கிற, ஈரலைத் தாக்குற வைரஸுக்கான தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள போடணுமாம். "பச்சப்புள்ளைக்கு அப்படி என்னடி அவசரம்?"னு அம்மா என்கிட்ட சண்டை, ஏதோ நான்தான் போட்ட மாதிரி.

அவசரம்தான். இந்த வைரஸ் பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். பிரசவத்துல தாய்கிட்டேருந்து குழந்தைக்குத் தொத்தினா, பத்துல ஒன்பது பேருக்கு ஈரல்லயே குடியேறிடும். பல வருஷம் சத்தமே இருக்காது. அப்புறம் ஈரல் சுருக்கம், புற்றுநோய்.

தைவான்ல 1984ல இந்தத் தடுப்பூசியை ஆரம்பிச்சாங்க. 6 முதல் 14 வயசுப் பிள்ளைகள்ல ஈரல் புற்றுநோய் வருஷத்துக்கு லட்சம் பேருக்கு 0.70ஆ இருந்தது, பத்து வருஷத்துல 0.36 ஆயிடுச்சு.

எனக்குப் பிடிச்ச கதை காம்பியாவோடது. மேற்கு ஆப்பிரிக்காவுல ஒரு ஏழை நாடு, நிலக்கடலைதான் முக்கியப் பயிர். ஈரத்துல கிடந்த கடலையில பூஞ்சை பிடிச்சா அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் உருவாகும். அதுவும் இந்த வைரஸும் ஒரே உடம்புல சேர்ந்தா ஈரலுக்கு ஆபத்து பல மடங்கு. அங்கே 1986லயே குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சு, அவங்க பெரியவங்களாகி யாருக்குப் புற்றுநோய் வருதுன்னு பார்க்க, நாடு முழுக்கப் பதிவேடும் வச்சாங்க. முப்பது நாப்பது வருஷம் பொறுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி!

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். ஊசி மேல இருந்த கோபம் போயிடுச்சு. இப்போ மிக்சர்லேருந்து கடலையைப் பொறுக்கி ஓரமா வச்சிட்டிருக்காங்க.