என்ன வேலை பாக்குறீங்கன்னு டாக்டர் கேக்கவே இல்ல

முதுகுல டிஸ்க் விலகி நான் படுத்தப்போ கைக்கு வந்த சர்டிபிகேட்ல மொத்தமே ரெண்டு வரிதான். ஒண்ணு நோயோட பேரு, இன்னொண்ணு "15 நாள் பூரண ஓய்வு தேவை". கீழ சீலும் கையெழுத்தும். நான் குடோன்ல ஸ்டாக் பாக்குற ஆள், பாதி நாள் பெட்டி தூக்கணும், மீதி நாள் கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடணும், இது எதுவும் டாக்டருக்குத் தெரியாது, அவரும் கேக்கல நானும் சொல்லல.

15 நாள் முடிஞ்சதும் இன்னொரு 15, அப்புறம் இன்னொரு 15. நிஜமா மூணாவது வாரமே என்னால நடக்க முடிஞ்சது, அரை மணி நேரம் உக்கார முடிஞ்சது, தூக்குறதுதான் முடியல. என்ட்ரி வேலைய மட்டும் பாக்குறேன்னு கேட்டேன், ஹெச்ஆர்ல "ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொண்டு வாங்க, இல்லன்னா லீவுலயே இருங்க"ன்னுட்டாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஓய்வுல இருக்கணும்னு டாக்டர் எழுதின ஆளை வேலைக்கு உக்கார வெச்சு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது. ஆனா வீட்டுல கிடந்ததுல எனக்கு வலிய விட பயம்தான் ஜாஸ்தியாச்சு, குனிஞ்சாலே திரும்பப் பிடிச்சுக்குமோன்னு. பெரும்பாலான முதுகு வலிக்கு படுத்துக் கிடக்குறத விட முடிஞ்ச அளவு நடமாடுறதுதான் நல்லதுன்னு டாக்டருங்களே சொல்ற காலத்துல என் பேப்பர்ல மட்டும் பூரண ஓய்வு.

அந்த நாள்லதான் மத்த ஊர்ல எப்படின்னு தேடிப் படிச்சேன். பிரிட்டன்ல கரோல் பிளாக்குன்னு ஒரு டாக்டரம்மா 2008-ல அரசாங்கத்துக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல, சிக் நோட்டை, அதாவது நம்ம ஊர் மெடிக்கல் லீவு சர்டிபிகேட் மாதிரியானதை எடுத்துட்டு, என்ன வேலை செய்ய முடியும்னு சொல்ற ஃபிட் நோட் கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க, 2010 ஏப்ரல்ல அது வந்துடுச்சு. அதுல வேலை செய்ய முடியாதுன்னு ஒரு கட்டம், இந்த இந்த மாற்றம் செஞ்சா செய்யலாம்னு இன்னொரு கட்டம். படிப்படியா திரும்புறது, நேரத்தை மாத்துறது, வேலைய மாத்திக் கொடுக்குறது, வேலை இடத்துல வசதி பண்ணிக் கொடுக்குறதுன்னு நாலு விஷயத்தை டிக் பண்ணலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனா அங்கயும் 10 நோட்டுல 9-க்கு மேல முதல் கட்டம்தான் டிக் ஆகுதாம். ஃபார்மை மாத்தினா மட்டும் பத்தலன்னுதான் எனக்குத் தோணுது, கொஞ்ச நிமிஷம் மட்டும் பாக்குற டாக்டருக்கு எதிர்ல இருக்குற ஆள் நாள் முழுக்க என்ன பண்றான்னே தெரியலன்னா எதை வெச்சு ரெண்டாவது கட்டத்தைத் தொடுவார்?

2022 ஜூலைல இருந்து அங்க நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் அதுல கையெழுத்துப் போடலாம்னு ஆக்கிட்டாங்க. எனக்கு இது ரொம்ப சரின்னு பட்டுச்சு, ஏன்னா நான் எத்தனை கிலோ தூக்கலாம்னு என்கிட்ட முதல்ல பேசினதே பிசியோதான். ஸ்வீடன்ல கால், அரை, முக்கால்னு லீவையே பிரிச்சு எழுதுறாங்க, முழுசா வா இல்ல வராதன்னு கிடையாது.

பிசியோ சொல்லித்தான் ஒரு பேப்பர்ல என் வேலைய எழுதினேன். பெட்டி 12 கிலோ, ஒரு நாளைக்கு சுமார் 40 தடவை. என்ட்ரி 4 மணி நேரம். ஏணி ஏறுறது எப்பவாவது. டாக்டர் கண்ணாடிய ஏத்திவிட்டு முழுசா படிச்சாரு, "இத ஏன் முதல்லயே காட்டல"ன்னாரு. புது சர்டிபிகேட்ல நோய் பேரே இல்ல. "4 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், முதல் 2 வாரம் அரை நாள் வேலை"ன்னு எழுதிக் கொடுத்தாரு. சூப்பர்வைசருக்கு அது போதும், என் டிஸ்க் எந்த இடத்துல விலகிச்சுன்னு தெரிஞ்சு அவர் என்ன பண்ணப் போறாரு.

ஹெச்ஆர்ல அதை வாங்கிப் படிச்சிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க, "சேர் மாத்தணுமா?"ன்னு. அடுத்த திங்கக்கிழமை நான் என் சீட்டுல இருந்தேன்.